டிஸ்க்கில் எழுதிய மூன்றாவது ஆள்

யாழ்ப்பாண நகரத்தில் சந்தைக்குக் கிட்ட, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கீழே தையற்கடை, அதற்கு மேலே ரியூசன் வகுப்பு, அதற்கும் மேலே நாங்கள். ஐரோப்பாவில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தின் மெயின்பிரேம் கணினியை இங்கே இருந்தபடி பராமரிப்பதுதான் எங்கள் வேலை. நான் இணுவிலில் இருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிறேன். என்னோடு இதே வேலையைப் பார்ப்பவள் குருநகர்ப் பெண். என்னைவிட இளையவள், தகப்பனுக்குக் கடற்றொழில். எங்கள் இரண்டு பேருடைய மேசைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

கலியாணமான புதிதில் என் கணவர் கேட்டார்.

“அந்த மெஷினை நீர் நேரிலை கண்டிருக்கிறீரோ?”

“இல்லை. படத்திலைகூடக் காணேல்லை.”

“அப்ப அது இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?”

அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பகிடியாகக் கேட்டாலும் பதில் வேண்டும். நான் சொன்னேன்: அங்கே ஓர் அலுமாரி அளவில் ஒரு இயந்திரம் நிற்கிறது. அதற்குள் ஒரு மென்பொருள் நூற்றுக்கணக்கான இயந்திரங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. மெய்நிகர் இயந்திரம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் பேச்சில் வீ.எம். என்போம். ஒவ்வொரு வீ.எம்மும் தன்னை ஒரு முழு இயந்திரமாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒன்று விழுந்து கிடந்தாலும் அதற்குத் தெரியாது.

“ஒண்டுக்கு மற்றது தெரியாதெண்டால், ரெண்டும் ஒரே டிஸ்க்கிலை எழுத வெளிக்கிட்டால் என்ன நடக்கும்?”

“எழுத விடாது. வாசிக்கிறது எத்தினை பேரும் வாசிக்கலாம். எழுதிறதுக்கு ஒராளுக்குத்தான் அனுமதி. ரெண்டாவது ஆள் வந்தால், ஏற்கனவே ஒராள் எழுதுறார் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப்போடும்.”

அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வீ.எம். உண்டு. அதில் ஒரு சின்ன டிஸ்க். காப்புறுதிக்காரரின் கணக்கு வழக்கு எதுவும் அதில் இல்லை. நாங்களே எழுதி வைத்த புரோகிராம்கள்தான் இருந்தன: எந்த டிஸ்க் நிரம்பப் போகிறது, எந்த வீ.எம். பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது என்றெல்லாம் பார்த்துச் சொல்பவை. காலையில் வந்ததும் முதல் வேலை அவற்றை ஓட்டுவது. நான் உள்ளே போய் ஏதாவது திருத்திவிட்டு வெளியே வந்தால், பிறகு அவள் போவாள்.

ஒரு நாள் காலை, முதல்நாள் நான் திருத்திய ஒரு புரோகிராம் பழையபடி கிடந்தது. சேமிக்க மறந்துவிட்டேனாக்கும் என்று திரும்ப எழுதினேன். அடுத்த நாள் அவள் எழுதிய ஒன்று காணாமல் போயிற்று. அதற்கடுத்த கிழமை ஒரு கோப்பின் முதற்பாதி புதிது, பின்பாதி பழையது. ஒட்டுத்துணி போல இருந்தது.

அவள் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை. கதிரையைத் திருப்பி நேரே கேட்டாள்.

“அக்கா, என்ரை வரியளை நீங்களோ அழிக்கிறது?”

“நானேன் அழிக்கிறன்? என்ரையும் எல்லோ காணாமல் போகுது.”

“நானும் தொடேல்லை. மாதா அறிய.”

“அப்ப ஆர்?”

இரண்டு பேருக்குத்தான் பாஸ்வேர்ட் தெரியும். அன்று மத்தியானம் அவள் நண்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். வழக்கமாக எனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். அன்றும் வைத்தாள், ஆனால் தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு யன்னலோரம் போய்விட்டாள்.

அந்தக் காப்புறுதி நிறுவனத்தில் டிஸ்க்குகளுக்கு, அதாவது தரவுச் சேமிப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தார். அவரிடம் தொலைபேசியில் முறையிட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் இரண்டு பேருக்குள் யாரோ கவனமில்லாமல் பழைய பிரதியைத் திருப்பிப் போடுகிறீர்கள். முதலில் பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள்” என்றார். அவள் முகம் சிவந்துபோயிற்று. மாற்றினோம். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரும்பத் தொடங்கியது.

“பூட்டை மாத்தியும் உள்ளுக்கை வருதெண்டால், அது இந்தக் கதவாலை வரேல்லை அக்கா” என்றாள் அவள்.

எனக்குக் கோபமும் கவலையும் அப்போதே தணிந்து, என்னதான் நடக்கிறது என்று அறியும் ஆசை பிடித்துக்கொண்டது. முதலில் டிஸ்க் முழுவதையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். எங்கள் மேலாளரிடமும் சொல்லிவிட்டு ஒரு சோதனை செய்தோம். எங்கள் வீ.எம்மை முற்றாக நிறுத்தினோம். இனி அந்த டிஸ்க்கில் எழுத ஒருவருமில்லை. வேறொரு வீ.எம்மில் இருந்து, வாசிக்க மட்டும் அனுமதி எடுத்து, கோப்புகளின் பட்டியலைப் பார்த்து வைத்துக்கொண்டோம்.

“ரெண்டு பேரும் ஒரே இடத்திலை இருப்பம்,” என்றாள் அவள். “ஒருத்தரும் கீபோர்டிலை கைவைக்கப்படாது. பிறகு நீயோ நானோ எண்டு கதை வரக்கூடாது.”

யன்னலோரம் இருந்து சாப்பிட்டோம். தேத்தண்ணி குடித்தோம். கீழே தனியார் பஸ் நடத்துநர் ஒருவர் உடுப்பிட்டி, உடுப்பிட்டி என்று கூவிக்கொண்டிருந்தார். இடையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. பின்னேரம் ஆகும்வரை பொறுத்திருந்து, பட்டியலைத் திரும்ப எடுத்தோம்.

ஒரு கோப்பில் அன்றைய திகதி. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

அவள் என் கையைப் பிடித்தாள். “அக்கா, உங்கை ஆரோ இருக்கினம்.”

கோப்பைத் திறந்து பார்த்தோம். அது எங்கள் எழுத்து இல்லை. நான் வரிகளை ஒட்ட ஒட்ட எழுதுவேன், அவள் பெரிய எழுத்தில் எழுதுவாள். இதை எழுதியவரோ ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி விட்டிருந்தார். நல்ல ஒழுங்கான வேலை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: “இதை நேற்றே திருத்தினேனே, ஏன் திரும்பப் பழையபடி வருகிறது?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். களவெடுக்க வந்தவர் இப்படிக் கேட்கமாட்டார். எங்களுக்கு நடப்பதுதான் அந்த ஆளுக்கும் நடந்துகொண்டிருந்தது.

அதோடு எனக்கு மற்ற விஷயமும் விளங்கத் தொடங்கியது. ஒரு வீ.எம். டிஸ்க்கைத் திறக்கும்போது அதிலுள்ள கோப்புகளின் பட்டியலைத் தன் நினைவில் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு டிஸ்க்கைத் திரும்பப் பார்க்காது. எழுதி முடித்ததும் தன் நினைவில் உள்ள பட்டியலை அப்படியே மேலே எழுதிவிடும். ஆகவே இரண்டு பேர் திறந்து வைத்திருந்தால், கடைசியாக எழுதுகிறவரின் உலகம்தான் மிஞ்சும். ஆனால் இரண்டாவது ஆளைத் திருப்பி அனுப்பும் காவல் இருக்கிறதே? இந்த டிஸ்க்கில் எழுதுவோர் யார் யார் என்று எங்கள் தொகுதியை, அதாவது எங்கள் வீ.எம்களை எல்லாம் நடத்தும் மென்பொருளைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருமில்லை என்றது. பொய் சொல்லவில்லை. தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இந்த ஆள் வேறு வீட்டில் இருக்கவேண்டும்.

“கேட்டுப் பாப்பம்,” என்றாள் அவள்.

“ஆரிட்டை?”

“அந்த ஆளிட்டைத்தான்.”

ஒரு புதிய கோப்பு திறந்து, நீங்கள் யார், எங்கே இருந்து எழுதுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்த நாள் பார்த்தால் கோப்பே இல்லை.

“வாசிச்சுப்போட்டு அழிச்சிட்டாரோ?” என்றாள்.

கொஞ்சநேரம் யோசித்தபின் எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் எழுதியது பின்னேரம். அவர் அதற்கு முன்னமே டிஸ்க்கைத் திறந்து வைத்திருந்திருப்பார். எங்கள் கோப்பு அவருடைய பட்டியலில் இருக்கவே இல்லை. ஏதோ ஒன்றைச் சேமித்தபோது, தெரியாமலே எங்கள் கேள்வியை மூடிவிட்டார். அவருடைய திருத்தங்களின் நேரங்களை வரிசையாகப் பார்த்தோம். எங்கள் காலையில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. அவருக்கு அப்போதுதான் விடிகிறது. எனவே அவர் எழும்பி வர முந்தி எழுதி வைக்கவேண்டும்.

மறுநாள் காலை அலுவலகம் வந்ததும் கேள்வியை எழுதினோம். வீ.எம்மை நிறுத்தினோம். அன்று முழுக்க மற்ற வேலைகளைச் செய்தோம் என்று பெயர். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தோம். தூண்டில் போட்டுவிட்டு இருக்கிறவர்கள்கூட இவ்வளவு அவதிப்படமாட்டினம் என்று தன் தகப்பனை நினைத்துச் சொன்னாள்.

பின்னேரம் அந்தக் கோப்பின் நேரம் மாறியது. திறந்தோம். எங்கள் கேள்விக்குக் கீழே, ஒரு வரி இடைவெளி விட்டு, எழுதியிருந்தது:

“இந்த இயந்திரத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். நீங்கள் யார்?”

அவள் சத்தம் போட்டுச் சிரித்ததில் மேலாளர் எழும்பி வந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தத் தொழிலில் இயந்திரங்கள் அனுப்பும் செய்திகளை ஆயிரக்கணக்கில் வாசித்திருக்கிறேன். ஒரு டிஸ்க்குக்குள் இருந்து ஒரு மனிதர் பேசியது அதுதான் முதல்தரம்.

அடுத்த நாள் எங்களுடைய பதில்: யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம், இரண்டு பேர், உங்களுடைய தொகுதியின் பெயர் என்ன? அதற்கு அவர் தன் பெயரையும் தொகுதியின் பெயரையும் எழுதியிருந்தார். அது எங்கள் தொகுதியே அல்ல. அதே அலுமாரிக்குள், ஆபத்து வந்தால் நிறுவனம் எப்படி மீண்டெழும் என்று ஒத்திகை பார்ப்பதற்காக அமைத்த தனித் தொகுதி. எங்களுடைய எல்லா வீ.எம்களையும் டிஸ்க்குகளையும் பிரதி எடுத்து, பழைய பெயர்களோடும் பழைய பாஸ்வேர்ட்களோடும் அதை எழுப்பியிருந்தார்கள். நாங்கள் பாஸ்வேர்ட்டை மாற்றியும் பலிக்காததற்குக் காரணம் அதுதான். எல்லா டிஸ்க்கும் பிரதி, எங்கள் புரோகிராம்கள் இருந்த அந்தச் சின்ன டிஸ்க் ஒன்றைத் தவிர. அது மட்டும் பிரதியைக் காட்டாமல் அசலையே காட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சேமிப்பு அதிகாரியிடம் சொன்னபோது, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார். நாங்கள் எங்கள் கணினித் திரையை அவருக்குப் பகிர்ந்து, அந்தக் கோப்பைத் திறந்து காட்டினோம். “கொஞ்சம் பொறுங்கள்” என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்தபோது குரல் மாறியிருந்தது. பிரதி எடுக்க வேண்டிய டிஸ்க்குகளைக் குறித்து முடித்த பிறகு எங்கள் டிஸ்க்கை வேறு சேமிப்புப் பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். புது இடத்தைக் கையால் சேர்த்தவர், பிரதிக்குப் பதிலாக அசலின் முகவரியைப் போட்டுவிட்டார். இன்றே திருத்திவிடலாம், நன்றி என்று அவர் முடிக்கப் பார்த்தார்.

அவள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்: “ஐயா, கவனமில்லாமல் செய்தது நாங்கள் என்று சொன்னீர்கள். அது நாங்கள் இல்லை என்று இப்போது எழுதி அனுப்பவேண்டும்.”

அவர் எழுதி அனுப்பினார். சுருக்கமாகத்தான், ஆனால் எங்கள் மேலாளருக்கும் பிரதி போட்டிருந்தார்.

டிஸ்க்கைப் பிரிக்க முன்னம் யாருடைய திருத்தத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அந்த மனிதரோடு முதன்முதலாகத் தொலைபேசியில் கதைத்தோம். ஓய்வுபெறும் வயதை அண்டியவர் என்று குரலில் தெரிந்தது. வீட்டிலிருந்தபடி தனியாக அந்த ஒத்திகையைத் தயார்செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு புரோகிராமாக எடுத்து ஒப்பிட்டோம். நிரம்பிவிட்ட டிஸ்க்கை நாங்கள் கணக்கில் எடுத்த விதம் பிழை, அவருடையது சரி. தொடர்பு அறுந்த டிஸ்க்கை அவர் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்திருந்தோம். இரண்டையும் சேர்த்து எழுதினோம்.

வேலை முடிந்த பிறகு, வைக்கப்போகிறார் என்று நினைக்கையில், அவர் ஒன்று சொன்னார்.

“சில கிழமைகளாக, என் நினைவு போகத் தொடங்கிவிட்டது என்றே நம்பியிருந்தேன். நேற்று எழுதியது இன்று இல்லை. எழுதினேனா, எழுதியதாக நினைத்தேனா என்று தெரியவில்லை. என் தகப்பனாருக்கும் அப்படித்தான் தொடங்கியது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியைக் கண்ட அன்று எழும்பி வெளியே போய், கனநேரம் நடந்துவிட்டு வந்துதான் பதில் எழுதினேன்.”

அவள்தான் பதில் சொன்னாள். “இனி மனைவியிடம் சொல்லுங்கள். சிரிக்கக்கூடிய கதைதானே.”

“இன்று இரவு சொல்வேன்,” என்றார்.

படியிறங்கும்போது நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் இரண்டு பேர் இருந்தபடியால் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டோம். கேட்டோம், மறுத்தோம், சேர்ந்து தேடினோம். அவர் தனியாள். சந்தேகப்படுவதற்கு அவருக்குத் தன்னைத் தவிர வேறு ஆளில்லை.

தையற்கடை வாசலில் அவள் நின்றாள்.

“அக்கா, நாளைக்கு வந்து மற்ற டிஸ்க்குகளையும் ஒருக்காப் பாப்பமோ? உப்பிடி இன்னும் ஆரும் எங்கையாவது இருந்தாலும் இருப்பினம்.”

“ஓம், பாப்பம்,” என்றேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்தது. வேறொருவரும் இருக்கவில்லை.