சம்பந்தி எடுத்துப்போன இரண்டாம் பாகம்

சமீபத்தில் இரண்டு புத்தகங்கள் படித்தேன். சரியாகச் சொன்னால், ஒரு மாதத்துக்கு அது ஒன்றரையாகவே நின்றது. என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த அரையைப் பற்றித்தான். ஆனால் முழுசாகப் படித்ததன் மேலும் கோபம் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

ருஷ்யாக்காரர்கள் ஆகாசத்துக்கு ஆளை அனுப்பியதிலிருந்து, பீளமேட்டில் எங்கள் மில் ஆபீஸில் எல்லோருக்கும் கிரகப் பித்துப் பிடித்திருக்கிறது. அங்கே கைமாறி வந்தது அந்த விஞ்ஞான நாவல். செவ்வாய் கிரகத்தில் ஆயிரம் மைலுக்கு வாய்க்கால், இரு கரையிலும் வெள்ளாமை. புத்தகம் முழுக்கத் தேடினேன், ஒருத்தன்கூட அடுத்தவன் மடையை அடைக்கவில்லை. 'இன்றைக்கு என் முறை' என்று மண்வெட்டியோடு வரப்பில் நிற்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எனக்கும் என் தம்பிக்கும் பாதிப் பாதி பங்கு. அந்த ஒரு கிணற்றுக்கே நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம். எழுதினவருக்கு ராக்கெட் தெரியும், தண்ணீர் தெரியாது. கடைசியில் அந்தச் செவ்வாய்க்காரர்கள் பூமியைப் பிடிக்கப் படையெடுத்து வருகிறார்கள். அத்தனை தண்ணீரை விட்டுவிட்டு இந்த ஊருக்கு எதற்கடா வருகிறாய் என்று வாய்விட்டே கேட்டேன். காய் அரிந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரியத் தொடங்கினாள். அவளுக்குப் பழகிவிட்டது.

இனி அந்த அரை. ஐரோப்பாவில் எப்போதோ எழுதப்பட்டு, எல்லோரும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய நாவல். தமிழில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் விருந்துக்கு மேல் விருந்து. என்ன சாப்பிட்டார்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை. பாதிவரை கொட்டாவி விட்டுக்கொண்டுதான் படித்தேன். அப்புறம் எப்படியோ அந்தக் கதாநாயகி என்னைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் கணவன் வீட்டை விட்டுப் பனியில் படியிறங்குகிறாள். வெளியே அவளுக்காக வண்டி நிற்கிறதா, இல்லையா? பாகம் முடிந்தது.

இரண்டாம் பாகத்தை எடுக்க எழுந்தபோது வாசலில் சம்பந்தி. என் பெண்ணின் மாமனார்; பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். காபி குடித்தார், மேஜைமேல் இருந்த இரண்டாம் பாகத்தைப் புரட்டினார், கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் முதல் பாகம் இருக்கிறதே என்று இழுத்தேன். கதை எங்கே ஆரம்பித்தால் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெண் கொடுத்த வீட்டில் ஒரு சாமானை வாய்திறந்து திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. போக வேண்டும், மழையைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களாக நினைத்துக்கொண்டு எடுத்துத் தரும்வரை காபி குடிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் குடித்தேன். எனக்கு மாடே கிடையாது. பனியில் ஒருத்தியை நிறுத்திவைத்துவிட்டு, அவர் வீட்டு எருமையின் வயிற்றுப்போக்கை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அவராகவே ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, அந்தப் பொஸ்தகம் முடிச்சுப்போட்டனுங்க. பாவம், அந்தம்மணி காச்சல்ல செத்துப்போச்சுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்படீங்களா" என்றேன்.

"மொதல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியலீங்க. உங்ககிட்ட இருக்கற ஒண்ணாவதையும் குடுத்தீங்கன்னா..."

"இல்லீங்க," என்றேன். "ரெண்டாவது என் கைக்கு வரட்டுங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

எத்தனை 'ங்க' போட்டாலும் சண்டை சண்டைதான். சம்பந்தி கூரையைப் பார்த்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற என் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், ஒரு வெள்ளைக்காரிக்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் கல்லைப் போட்டுவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த வாரம் பெண் வந்தாள், புத்தகத்தோடு. பழுப்புக் காகிதத்தில் அழகாக அட்டை போட்டிருந்தார் சம்பந்தி.

"ஏனுங்கப்பா, இதுக்காகவா மூணு வாரமா வந்துட்டிருந்தீங்க? மொதல்லயே கேட்டிருக்கலாமுல்ல? எங்க மாமா ரெண்டு நாளா சரியாச் சாப்புடலீங்க" என்றாள்.

உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தேன். அவள் சாகவேயில்லை. காய்ச்சலில் செத்தது அவளுடைய நாத்தனார். முதல் பாகம் படிக்காத மனிதர் எவள் எவள் என்று தெரியாமல், தப்பான ஆளுக்குத் துக்கம் கொண்டாடியிருக்கிறார். என் கதாநாயகிக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறினாள், போனாள், ஓர் அத்தை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புத்தகம் தீரும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். வானத்தைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். இதற்காகவா சம்பந்தியோடு முறைத்துக்கொண்டேன்?

முதல் பாகத்தை அன்றைக்கே பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். செத்தது யாரென்று மட்டும் சொல்லியனுப்பவில்லை. சம்பந்தி சொன்ன முடிவு, எழுதினவர் எழுதியதைவிட நன்றாகவே இருக்கிறது.