மலைக்கென்று வைத்த அட்வான்ஸ்

என் மகளின் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பூட்டில் சாவியைப் போட்டால் முழங்கையையும் தோளையும் சேர்த்துத் திருப்புவாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். வாசலில் சாவிச் சத்தம் கொஞ்சம் நீண்டாலே நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவேன்.

நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அது அந்தக் கையோடு போயிற்று. கையை உடைத்தது என் கூடப் பிறந்த தம்பியின் ஜீப். அவன் உடைத்தான் என்று நான் சொன்னால், "வண்டி உதைச்சதுக்கு அவன் என்ன செய்வான்?" என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். வண்டி ஏன் உதைத்தது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் டீச்சர். கணவருக்கு அரசாங்க குமாஸ்தா வேலை, பாதி நாள் திண்டுக்கல்லில் இருப்பார். தம்பி பண்ணைக்காட்டில் இருந்தான். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்களையும் வாழைத்தாரையும் மேலே ஏற்றி வருவான். மேல்மலையில் போளூர்ப் பக்கம் பூண்டு எடுக்கப் போகிற நாட்களில் எங்கள் வீட்டில்தான் படுக்கை. என் மகளுக்கு அவன் என்றால் உயிர். ஹைஸ்கூல் படிக்கும்போதே அவனுடைய ஜீப்புக்கு ஹேண்டில் போடக் கற்றுக்கொண்டாள். குளிரில் பாட்டரி செத்துப்போகும் ஊர். வண்டியின் மூக்கில் இரும்பு ஹேண்டிலைச் செருகி ஒரு சுழற்று சுழற்றி எஞ்சினைக் கிளப்புவது இங்கே பெரிய விஷயமில்லை.

பெருமாள் மலை ஏற்றத்தில் அந்த ஜீப் மூச்சு வாங்கும். ஆட்களை இறக்கி நடக்கவிட்டு வெறும் வண்டியாக ஏற்றுவான். மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அது அவனை அரித்தது. அந்தச் சமயத்தில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சாமான்களை விற்றார். என் தம்பி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கு, மூன்று வயர், ஒரு ஆங்கிலப் புத்தகம். எஞ்சினில் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்கிற டைமிங் லைட் அது. முதன்முதலில் தொடுகிறவர்களுக்காக எழுதிய புத்தகம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

"புள்ள, நீதான இங்கிலீசு படிக்கிறவ. இதுல என்ன எழுதிக் கெடக்கு, வெரசாச் சொல்லு."

அவள் ஜீப்பின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னாள். "சிவப்புக் கிளிப்ப பாட்டரி பிளஸ்ல மாட்டுங்க மாமா. கறுப்பு மைனஸ்ல. மூணாவது, மொத பிளக்குக்குப் போற வயர்ல."

"மொத பிளக்குன்னா எந்தப் பக்கத்துல இருந்து மொத?"

"ரேடியேட்டர் பக்கத்துல இருந்து. அதுக்கு முன்னாடி கீழ இருக்கிற கப்பியில ஒரு கோடு இருக்குமாம். அதுல வெள்ளை தடவணும்."

அவன் அடுப்படி ஜன்னலுக்கு வந்தான். "அக்கா, ஒங்க பள்ளிக்கூடத்துச் சாக்பீசு ஒண்ணு குடுங்க. இன்னைக்கி எனக்கு நீங்கதான் டீச்சரு."

எஞ்சினை ஓடவிட்டு விளக்கை அடித்தபோது நானும் போய்க் குனிந்து பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுற்றுகிற கப்பி, அந்த வெளிச்சத்தில் அப்படியே நின்றது. நான் கொடுத்த சாக்பீசால் அவன் தடவியிருந்த கோடு, யாரோ பிடித்து வைத்ததுபோல ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கைய ஃபேன் பக்கம் கொண்டு போயிராதீங்க மாமா," என்றாள் மகள். "அதுவும் நிக்கிற மாதிரித்தான் தெரியும். விரலு போயிரும்னு போட்டிருக்கு."

பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் கோடு நகரும். வண்டியில் உள்ள குறியும் சாக்பீஸ் கோடும் நேருக்கு நேர் வந்ததும் போல்ட்டை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கோடு நேருக்கு வந்தது. இறுக்கினான். அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுத மாட்டேன்.

"அட்வான்சு அட்வான்சுன்னு படிச்சியே, அது என்ன?"

"பொறி முன்னாடியே விழுந்தா அட்வான்ஸ் மாமா. பிந்தி விழுந்தா ரிடார்ட். ரொம்பப் பிந்துனா இழுவை கொறஞ்சிரும்."

"அப்ப நமக்கு அட்வான்சுதான் வேணும். வீடோ கடையோ, கூட அட்வான்சு குடுக்குறவனுக்குத்தான மருவாதி!" அவனுடைய சிரிப்பில் எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

"உயரமான ஊர்ல கொஞ்சம் கூட்டலாம்னு போட்டிருக்கு. கொஞ்சந்தான். ஆனா ஹேண்டில் போடுற வண்டின்னா கூட்டவே கூடாது, திருப்பி உதைக்கும்னு தனியாக் கட்டம் கட்டி எழுதியிருக்கு மாமா."

"கட்டம் கட்டுறதெல்லாம் சும்மா பயங்காட்டத்தான். எழுதுனவன் பெருமாள் மலை ஏத்தத்தப் பாத்திருக்கானா? அவன் சீமையில சமதரையில உக்காந்து எழுதியிருப்பான்."

விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, போல்ட்டை மறுபடி தளர்த்தி, காதை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் திருப்பினான். இது மலைக்கு என்றான். ஒரு திருப்பு. பிறகு, பூண்டு மூட்டைக்கு என்று இன்னொரு திருப்பு.

ஜீப் ஏறியது. அதை நான் மறுக்க முடியாது. ஆட்களோடு, மூட்டையோடு, பெருமாள் மலை ஏற்றத்தில் நிற்காமல் ஏறியது. கேலி பேசியவர்களே வந்து தங்கள் வண்டிக்கும் "மலை அட்வான்ஸ்" வைத்துத் தரச் சொன்னார்கள். கைராசிக்காரன் என்று பெயர் வந்தது. கூட்டிய நேரத்தை அவர்களில் யாரும் விளக்கு வைத்துப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்த்து வைப்பதுதான் வித்தை என்று ஆகிவிட்டது.

பயப்படுவது என் சுபாவம். ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டேன். "புள்ள அந்தக் கட்டத்துல உள்ளதப் படிச்சாளே. உதைக்கும்னு இருந்துச்சே?"

"அக்கா, ஒங்களுக்குப் பள்ளிக்கூடச் சோலி. எனக்கு வண்டிச் சோலி. ரசம் ஊத்துங்க."

நர்சிங் படிப்புக்கு, மலைக்குக் கீழே இருக்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்கு இண்டர்வியூ வந்தது. பஸ்ஸில் போகிறோம் என்றேன். தாய்மாமன் நான் இருக்கும்போது பஸ்ஸா என்று கோபித்துக்கொண்டான். வத்தலக்குண்டு வரை ஜீப்பில் கொண்டுபோய் விடுவான், அங்கிருந்து பஸ், திண்டுக்கல்லில் கணவர் சேர்ந்துகொள்வார் என்று ஏற்பாடு.

முந்தின நாளே வந்து தங்கினான். எப்போதும் வண்டியைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவான். காலையில் பாட்டரி செத்திருந்தாலும் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். அன்றைக்குச் சரிவில் ஒரு விறகு லாரி அச்சு முறிந்து கிடந்தது. எங்கள் வாசலில் சமதரையில் நிறுத்தினான்.

வெள்ளனே எழுந்து கிளம்பினோம். முன்னால் இருப்பவர் முகம் தெரியாத மூடுபனி. மகள் வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், அதை இரவே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நான் கையில் சர்டிபிகேட் பையை வைத்துக்கொண்டு படியில் நின்றேன். ஸ்டார்ட்டர் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது.

"ஹேண்டிலப் போடு புள்ள. நான் சோக்கப் புடிச்சாகணும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முன்பக்கம் போனாள். ஹேண்டிலைச் செருகியவள் நிமிர்ந்து கேட்டாள். அதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"மாமா, டைமிங்கப் பழையபடி வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சு, வச்சாச்சு. சுத்து."

அவள் சுற்றினாள். ஹேண்டில் மேலே வந்து, நின்று, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது. காய்ந்த மிளாறு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் ஒரு தரம் இருமியது. உள்ளே உட்கார்ந்திருந்த என் தம்பிக்கு அந்த இருமல் மட்டும்தான் கேட்டது.

"புடிச்சிருச்சு! இன்னொரு சுத்து புள்ள!"

அவள் கத்தவில்லை. தொங்கிய கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு சுத்து" என்று மறுபடியும் குரல் வந்தது. நான்தான் கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். மாவுக்கட்டுப் போட்டார்கள். கூடுமானவரை எலும்பைச் சேர்த்திருக்கிறோம், மணிக்கட்டு என்பதால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். இண்டர்வியூ நேரம் கடந்துபோனது. தபால் ஆபீசிலிருந்து ட்ரங்க் கால் போட்டு விவரம் சொன்னோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

அன்று முதல் பேச்சு ஆரம்பித்தது. பொம்பளப் பிள்ளைக்கு ஹேண்டில் எதற்கு என்றார்கள். புடவை கட்டிக்கொண்டு யாராவது வண்டி சுற்றுவார்களா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் ஒரு அம்மாள், கர்த்தர் அந்தப் பயணத்தைத் தடுத்தார், கீழே ஏதோ ஆபத்து இருந்திருக்கும் என்று ஆறுதல் சொன்னார். தம்பி எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான். "கட்டைவெரல மடக்கிப் புடிச்சிருப்பா. ஹேண்டில அப்பிடிப் புடிக்கக் கூடாது." கட்டைவிரலை மடக்கியிருந்தால் கட்டைவிரல்தான் போயிருக்கும். அவள் விரல்களெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. முறிந்தது மணிக்கட்டு. இதை நான் யாரிடம் சொல்வது?

டைமிங் பற்றி அவள் கேட்டதையும் அவன் பதில் சொன்னதையும் எடுத்தால், "பனியில ஒண்ணும் கேக்கல அக்கா" என்றான். பனியில் கண்தான் தெரியாது.

ஆனால் ஒன்று. அடுத்த வாரம் அவன் அவளைப் பார்க்க வந்தான். எங்கள் தெரு ஏற்றத்தில் ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் மகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பழையபடி, இரண்டாவது கியரில் திணறித் திணறி. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பிவிட்டிருந்தான். உள்ளே வந்து ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்து, "எப்பிடி இருக்க புள்ள?" என்று கேட்டான். வண்டி சொன்னதை அவன் வாய் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு இடம் கிடைத்தது. கடைசியாக உடல் பரிசோதனை. அந்த லேடி டாக்டர் நல்லவர். ஈரத்துணி ஒன்றைக் கொடுத்துப் பிழியச் சொன்னார். மகள் பிழிந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. படுத்த நோயாளியை எப்படித் தூக்குவாய் அம்மா என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, தம்பி தன் மனைவியோடு வந்தான். தட்டில் பழம், பூ, ஒரு புடவை. அவன் மகனுக்கு என் மகளைக் கேட்க வந்திருந்தான்.

"கை இப்பிடிக் கெடக்கேன்னு நீங்க யோசிக்கவே வேணாம் அக்கா," என்றான். "வெளிய குடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பான். நாங்க கேக்க மாட்டோம். தாய்மாமன் எதுக்கு இருக்கேன்?"

"எங்க வீட்ல தண்ணி கூட எடுக்க விடமாட்டேன்," என்றாள் அவன் மனைவி. பெரிய மனதோடுதான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. நாங்கள் நன்றி சொல்வோம் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தம் விட்டுப்போகக் கூடாதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

மகள் உள்ளேயிருந்து வந்து அவன் எதிரில் நின்றாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கி வச்சாச்சுன்னு சொன்னீங்களே. வச்சிருந்தீங்களா?"

அவனுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. ஆமாம், இல்லை, எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அட்வான்சு கொஞ்சம் கூடிப்போச்சுன்னுதான் வச்சுக்கயேன் புள்ள. அதான் பாக்கிய நேர்ல கொண்டு வந்திருக்கேன்ல!"

அவன் மனைவி சிரித்தாள். என் கணவரும் பழக்கதோஷத்தில் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போ," என்றேன்.

"அக்கா, ஒரு வெளையாட்டுக்கு..."

"போலே!"

சின்ன வயதில் அவனை அடிக்கும்போதுதான் அப்படிக் கூப்பிடுவேன். அவன் எழுந்துவிட்டான், மனைவியும் அவனோடு வாசலுக்குப் போனாள். தட்டு மட்டும் மேஜை மேல் இருந்தது. மகள் அதைத் தூக்கினாள். பாரம் முழுவதும் இடது கையில். வலது கை விளிம்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற அத்தையிடம் நீட்டினாள்.

"ஏன்டி, நல்ல காரியத்துக்குக் கொண்டு வந்த தட்ட எடது கையாலயா நீட்டுவ?"

"இதுதான் தூக்குது அத்த."

தம்பி மனைவி வாங்கிக்கொள்ளவில்லை. இடது கையால் கொடுத்ததை வாங்கினால் தன் மகனுக்கு ஆகாது என்று நினைத்திருப்பாள். தம்பி ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் நீட்டியபடியே நின்றாள். தட்டு மெல்ல ஆட ஆரம்பித்தது. நான் போய்ப் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் பிடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. கடைசியில் அவள் குனிந்து தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.