சட்டைப்பையில் பீஸ் கட்டை

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். ஆவடி குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டை நகர்த்திவிட்டு, "நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாங்க" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழம்பில் உப்பு குறைந்தாலும் இப்படித்தான் எதையாவது சொல்வார். வியர்வை ஊற்றியதைப் பார்த்த பிறகுதான் பயந்தேன். அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருந்த பக்கத்து வீட்டுச் சிநேகிதர் ஆட்டோ பிடித்து, கரையான்சாவடியில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "இதயத்துல மேல் அறைதான் கட்டளை கொடுக்கணும். இப்ப கீழ் அறை அதைக் கேக்காம தானா தறிகெட்டு ஓடுது. ரத்தம் நிரம்பவே நேரமில்ல. விட்டா நின்னுடும்."

"எங்க ஒர்க்ஷாப்பு மாரியே கீது சார்" என்றார் சிநேகிதர். அந்த நேரத்திலும்! முறைத்தேன்.

"ஊசி போட்டும் அடங்கல. மயக்கம் குடுத்து நெஞ்சுல கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் உள்ளே போனார்.

கரண்ட் என்றதும் சிநேகிதர் முகம் மாறியது. மெஷினுக்குள் ஆள் இறங்கினால், வேறு யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர்கள் தொழிற்சாலை வழக்கம். உள்ளே போனவன் தன் வாயால் சொன்னால்தான் திரும்ப மாட்டுவார்கள், மேலதிகாரியே வந்து நின்றாலும் கிடையாது. மனுஷன் நேராக மெயின் போர்டுக்குப் போய்க் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. டாக்டர் உள்ளிருந்து கத்தினார். நல்லவேளை, கரண்ட் வைக்கும் பெட்டிக்குச் சொந்தமாக பேட்டரி இருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கட்டில் ஆடியது.

டாக்டர் வெளியே வந்தார். "துடிப்பு சரியாயிடுச்சு. கட்டையைக் கொடுய்யா!"

"அவன் சொல்லட்டும் சார்."

"மயக்கத்துல இருக்கார்யா!"

"அப்ப தர மாட்டேன் சார்."

வார்டே விசிறிக்கொண்டு எங்களைத் திட்டியது. நான் கும்பிட்டேன். "அண்ணா, குடுத்துடுங்க."

"நீ சும்மா இரு தங்கச்சி. உள்ள கீறது உன் புருசன்."

சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். டாக்டர் சொன்னதை நம்பாத பைத்தியம் என்று ஆத்திரப்பட்டேன். ஆனால் நானும்தான் நம்பவில்லை. என் கணவர் பேசிக் கேட்கும்வரை எனக்கும் போதாது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"மச்சான்... நான் வெளிய வந்துட்டேன். போடு."

சிநேகிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவர் பைக்குள் கைவிட்டுக் கட்டையை எடுத்து நான்தான் போய் மாட்டினேன்.