ஷெட்டுக் குழியில் கயிற்றை இழுத்தது யார்?

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள். பதினெட்டு வருடமாகத் துறைமுகத்தில் டிரெய்லர் லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே "போலே அங்கிட்டு" என்று விரட்டுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவேன், அதோடு சரி. ஆனால் போன கோடையில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, என் வீட்டு ஷெட்டில் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மில்லர்புரத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். லீவு நாளில் தெரிந்தவர்கள் வண்டியைக் கொண்டு வருவார்கள், எனக்கும் கை சும்மா இருக்காது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டினேன், வெட்டும்போதே தெருவில் ஆளாளுக்குப் பேச்சு. வீட்டோடு குழி வெட்டினால் அது ஆளைக் கேட்குமாம். கேட்டால் கொஞ்சம் பழைய ஆயில் ஊற்றி அனுப்புகிறேன் என்றேன்.

என் மனைவி ஜெனி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். நான் குழிக்குள் இறங்கினால் அவள் தம்பி செபஸ்தி மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் இது பழைய வழக்கம். முத்துக்கும் சங்குக்கும் கடலில் முங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை, மேலே வள்ளத்தில் இருந்து பிடிப்பது அவன் மச்சினன்தான். கூடப் பிறந்த அண்ணனைக்கூட நம்ப மாட்டார்கள், மச்சினனை நம்புவார்கள், தன் அக்கா தாலியறுக்கும்படி எந்தத் தம்பியும் கயிற்றை விட மாட்டான் என்று. செபஸ்தியும் லாரி ஓட்டப் போவதற்கு முன்னால் சங்கு குளித்தவன். குழி ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, நான் மேலே வரும்வரை வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் நாலு பேர் முன்னால், "ஏலே, குழிக்குள்ள என்ன கடலா கெடக்கு, நீ காவல் காக்க? போய் வேற சோலி இருந்தா பாரு" என்றேன்.

"வேண்டாம்னா சரி மச்சான்" என்று எழுந்து போனவன், இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஜெனி சோறு வைப்பாள், பேச மாட்டாள். நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை, எனக்கு எவன் துணையும் வேண்டாம் என்று காட்டியே தீர வேண்டும் என்ற வீம்பு.

அன்றைக்கு வந்தது ஒரு பழைய ஆம்னி வேன். சைலன்சரில் எங்கோ ஓட்டை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இன்ஜினை ஓடவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். வெளியே காற்று மண்ணை வாரி அடிக்கிறது என்று ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கிவிட்டிருந்தேன். முட்டாள்தனம்தான், துறைமுகத்தில் வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் நானே அறைந்திருப்பேன். புகை குழிக்குள் சேர்ந்திருக்கிறது. மூச்சு முட்டவில்லை, இருமல் இல்லை, நம்பினால் நம்புங்கள், சுகமாகத் தூக்கம் வந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

அப்போதுதான் இடுப்பில் அந்த இழுப்பு. கட்டி இழுத்த மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கட்டித்தான் இழுத்தார்கள். கால் தரையை விட்டது தெரிந்தது. அடுத்து நினைவு வரும்போது ஷட்டருக்கு வெளியே சிமென்ட் தரையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறேன், ஜெனி தலையைப் பிடித்திருக்கிறாள்.

நீயே அரை மயக்கத்தில் படியேறி வந்திருப்பாய் என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் பனியனைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புத் தடம், கயிற்றின் புரி அப்படியே பதிந்திருந்தது. பெல்ட் அழுத்தியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஷெட்டில் நான் கைலிதான் கட்டுவேன், பெல்ட்டுக்கு எங்கே போக?

அந்தத் தடத்தை ஜெனி தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு செபஸ்தி. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை.

"மச்சான், மேல வந்துட்டியளா?" என்றான்.

விளாத்திகுளம் தாண்டி லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கண்ணயர்ந்திருக்கிறான். கனவில் கையில் கயிறு இருந்ததாம், அதை வலித்து இழுத்துத் தூக்கினானாம், முழித்துப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து எரிகிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"நான் மாட்டிக்கிட்டேன்னு ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? கீழ இருக்கவன் இழுத்துக் காட்டாம மேல உள்ளவன் தூக்கப்படாதுல்லா, சங்கு குளியில அதுதான் சட்டம். நீங்கதான மச்சான் மூணு தடவ வெடுக்கு வெடுக்குன்னு இழுத்திய. அதுக்குப் பொறவுதான் தூக்குனேன்."

நான் இழுக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன், அந்தக் குழிக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை. அதை அவனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

குழியை மூடு என்று வீடு தேடி வந்து சொன்னார்கள், சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தமாவது தெளி என்றார்கள். மூட மாட்டேன் என்றேன். மறுநாளே செபஸ்தி வீட்டுக்குப் போய், "நான் பேசினது தப்புலே" என்று சொல்லிக் கூட்டி வந்தேன், ஷட்டரை முழுக்கத் திறந்து வைக்கிறேன், காற்றை வெளியே தள்ள ஃபேன் மாட்டியிருக்கிறேன், இன்றைக்கும் என் வேலை அங்கேதான். பயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் குழிக்குள் இறங்கினால் நடுவில் நிற்பதில்லை, இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டு இடப்பக்கச் சுவரோடு ஒதுங்கித்தான் நிற்கிறேன். ஏன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.