பாஸ்டனில் வராத சப்பரம்

வண்ணார்பேட்டை தொம்மைக்குப் பூர்வீகம் உவரி. பிழைப்பு, சரக்குக் கப்பலில் சமையல். எத்தனையோ துறைமுகம் பார்த்த மனிதர். ஆனால் தொண்ணூற்றேழு மார்ச்சில் பாஸ்டனில் கப்பல் நின்ற அந்தச் சனி, ஞாயிறுபோல எதுவும் அவரை வாயடைக்க வைத்ததில்லை.

சனிக்கிழமை கரையிறங்கியதும் வண்ணார்பேட்டையில் இருந்த அகமது மீரானின் டெலிபோன் கடைக்குத்தான் முதலில் பேசினார். ஊரில் மனைவி அந்தோணியம்மாளுக்கு நிறைமாதம்.

“பயப்படாதீரும் வே. ஆஸ்பத்திரில சேத்தாச்சு. பொறுத்துப் பாப்போம்னு டாக்டரம்மா சொல்லுதாவ. உம்ம மாமியா இங்கனதான் நிக்காவ, பேசும்” என்றார் மீரான்.

முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த வாரமே போய்விட்டன. மாமியாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், இங்கே ஐரிஷ்காரர்கள் அதிகம், நாளைக்கு அவர்களுடைய புனிதர் பத்ரிசியாரின் திருநாள் ஊர்வலம் என்றார் தொம்மை.

மாமியார் அதையே பிடித்துக்கொண்டாள். “அப்பம் சப்பரம் வரும்லா? உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கிடும் மாப்ள. இதாவது நமக்குத் தங்கட்டும்.”

அன்று சாயங்காலம் கப்பல்காரர்களை ஐரிஷ்காரர்களின் மாதாகோயில் மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் கல்யாண மேளம்கூடக் கொட்டாத ஊர்க்காரர் தொம்மை. இங்கேயோ பிடிலும் குழலும் கூரையைத் தூக்கின. சின்னப் பெண்பிள்ளைகள் வரிசையாக வந்து ஆடினார்கள். இடுப்புக்கு மேலே கற்சிலை. கீழே, பலகைத் தரையில் கோடை மழை.

“கையக் கட்டிப்போட்டுட்டு காலை மட்டும் அவுத்து விட்டிருக்கானுவ லே” என்றான் கூட வந்த சந்தியாகு.

தொம்மை சிரிக்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கப்பல் அடுக்களையில் உப்பும் மிளகும் எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு தெருவோரம் போய் நின்றார். நின்றதும் பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். தரை பனிக்கட்டியாகச் சுட்டது.

“ஏலே தொம்மை, வெறச்சுச் செத்துருவ. மாட்டுலே பூட்ஸை!” என்றான் சந்தியாகு.

“சப்பரம் வாரப்போ செருப்போட நிக்கச் சொல்லுதியா?”

வந்தது ஊர்வலம். பாவாடை கட்டிய ஆம்பிளைகள் குழல் வைத்த பையைக் கக்கத்தில் இடுக்கி ஊத, நெஞ்சுக்குள்ளே அதிர்ந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள்; கிழட்டுப் பட்டாளத்தார் வந்தார்கள்; லாரி மேலே பிள்ளைகள் ஆடிக்கொண்டு வந்தார்கள். பச்சைச் சட்டையும் பச்சைத் தொப்பியுமாக ஜனம், கார் பருவத்து நெல்வயல் மொத்தமும் எழுந்து நடந்து வருவதுபோல. ஒரு அர்ச்சிஷ்டவருக்காக இவ்வளவு பெரிய பட்டணமா! தொம்மைக்குக் கண் நிறைந்தது. ஆனால் சப்பரத்தையும் அதில் நிற்கும் சுரூபத்தையும் காணோம்.

“எங்கலே சப்பரம்?”

“இந்த ஊர்ல அதெல்லாம் கிடையாது போல.”

“கடைசில வரும். நம்மூர்லயும் அப்படித்தான?”

கால் மரத்துப் போனது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. தூரத்தில் தெருக்கூட்டும் வண்டி வருவது தெரிந்தபோதுதான் தொம்மைக்குப் புரிந்தது. சப்பரம் இல்லை. வேண்டுதலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அந்த வண்டிக்கு முன்னால், கடைசி வரிசையாக, ஏதோ ஒரு சங்கத்துக் கிழவர்கள் பெரிய துணிப் பதாகை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அதில் நூல் வேலையில் பச்சை அங்கியும் கோலும் தாடியுமாக ஒரு உருவம். தொம்மை தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினார். போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

பதாகையின் கொம்பைப் பிடித்திருந்த கிழவர் அந்த வெறுங்காலைப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்டார்.

“வைஃப். பேபி,” என்றார் தொம்மை. அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை; பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

கிழவர் நின்றுவிட்டார். மற்றக் கொம்பு பிடித்தவருக்குக் கண்காட்ட, பதாகை பைய இறங்கித் தொம்மையின் நெற்றிக்கு நேராக வந்தது. உப்பையும் மிளகையும் அதன் அடியில் தூவி, துணியில் உதடு பதித்து முத்தி செய்தார். நிமிர்ந்தபோது கிழவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். பின்னால் நின்ற கிழவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். தெருக்கூட்டும் வண்டிகூட நின்றிருந்தது.

மறுநாள் கப்பல் கிளம்பும் முன் தொம்மை மீரானுக்குப் பேசினார்.

“பொம்பளப் பிள்ள வே! தாயும் பிள்ளையும் சொகம். பிள்ள நல்ல கனம், ஆஸ்பத்திரியே அதிருத மாதிரி அழுவுது.”

தொம்மை ரிசீவரை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தார்.

“என்ன வே, காதுல விழலியா?”

“விழுந்துச்சு அண்ணாச்சி. இன்னொரு மட்டம் சொல்லும்.”