புது சிஸ்டத்துக்கு ஒரு மாதத் தவணை

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறலாமா வேண்டாமா என்று சண்டை போட்டீர்கள். "பிடிக்கலேன்னா பழசுக்கே திரும்பிடலாம்பா, என்ன கெட்டுப்போச்சு?" என்று பெரியவன் சொன்னதும் நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. அதே வார்த்தையை எழுபதுகளில் ஓர் அதிகாரியின் வாயால் கேட்டிருக்கிறேன். கேட்டு நம்பியும் இருக்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்தவன். தி.நகரில் ஜவுளிக்கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆபீஸில், கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அப்போதைய கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்காக அறையை ஐஸ் மாதிரி வைத்திருப்பார்கள். அபிராமபுரத்தில் மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் கையுமாக பஸ் ஏறுவேன். "இன்னா சார், ஊட்டிக்கா?" என்பார் கண்டக்டர்.

பழைய சிஸ்டம் முழுவதும் துளை போட்ட அட்டைகளாக இரண்டு மரப்பெட்டிகளில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய அட்டைக்கட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மெஷினுக்குள் விட வேண்டும். அச்சடிக்கும் மெஷினில் காகிதம் மாற்ற வேண்டும். ஷிப்டுக்கு இரண்டு பேர்: நானும், எனக்கு மூத்த ஒரு ராயப்பேட்டைக்காரரும். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

புது சிஸ்டம், தட்டுகளை அடுக்கியது போன்ற ஒரு டிஸ்க்கில் வந்தது. வேலைகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக அதுவே எடுத்துக்கொள்ளும். வந்தது மார்கழியில். மயிலாப்பூர்க்காரரான எங்கள் அதிகாரி மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்.

"இது தொடக்கமில்லை, பரீட்சைதான்" என்றார். "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கோ. சரிப்படலேன்னா பழசுக்கே திரும்பிடலாம், என்ன கெட்டுப்போச்சு? தை பொறந்ததும் நீங்க ரெண்டு பேருமே தீர்மானம் பண்ணுங்கோ."

வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தார். "இன்னா நைனா, பத்திரிகை அடிச்சிட்டு பொண்ணு கையில சம்மதம் கேக்குறாங்க."

புதுசு நிலைத்தால் ஷிப்டுக்கு ஓர் ஆள் போதும். மூத்தவர் இருப்பார், நான் காகிதக் குடோனுக்குப் போவேன். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கோ அந்த அறையைத் தவிர வேறெங்கும் மதிப்பு இல்லை. அங்கே மட்டும்தான், படித்தவர்கள் அட்டைக்கட்டோடு ஜன்னலில் நின்று, "என்னோடதை முதல்ல போட முடியுமா சார்?" என்று என்னைக் கேட்டார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், புதுசு வேகமாகத்தான் ஓடியது. ஆனால் காகிதம் மாற்றும் வரை அது காத்திருக்காது. ஒருநாள் ஒரு ஜவுளிக்கடையின் சரக்குக் கணக்கை, வேறொரு கம்பெனியின் சம்பளச் சீட்டுகள் மேல் அச்சடித்துத் தள்ளிவிட்டது.

"பார்றா, கிளார்க்குக்கு இந்த மாசம் சம்பளம் நாலு டஜன் சுங்குடி!" என்றார் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையில் காட்டலாம் என்று அந்தச் சீட்டுகளை எடுத்துவைத்தேன். பழசுக்குத் திரும்ப இது ஒன்று போதும் என்று நினைத்தேன்.

போகிக்கு முதல் நாள் அதிகாரி வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "வெள்ளையடிக்க ஆள் வரது. பழசையெல்லாம் காலம்பற கொளுத்திடு" என்றார்.

மறுநாள் நான் போனபோது பின்பக்கம் புகை அடங்கிக்கொண்டிருந்தது. அறையில் மரப்பெட்டிகள் இல்லை. கிழிந்த பாய், துடைப்பத்தோடு அவையும் போயிருந்தன. "அட்டை சூப்பரா எரிஞ்சுது சார்" என்றான் வாட்ச்மேன். அவனுக்கு என்ன தெரியும்?

அதிகாரியிடம் ஓடினேன். மெஷின் கம்பெனிக்கு எழுதி மறுபடி வரவழைக்கலாம் என்றேன்.

"போகியில போட்டதைத் திருப்பிக் கேக்கறதாவது! பீடை கழிஞ்சுதுன்னு விட்டுத் தள்ளுங்கோ" என்றார்.

திரும்பி வந்தேன். அறையைத் திறப்பது எப்போதும் அண்ணன்தான். காலையில் எனக்கு முன்பே வந்திருப்பார்.

"அண்ணே, பெட்டியைத் தூக்கினப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அது சிஸ்டம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் காகிதத்தை நேராக அடுக்கிக்கொண்டே இருந்தார். "சொல்லியிருக்கலாம். இப்ப தப்பிச்சாலும் புதுசு என்னிக்காவது வரும்; அன்னிக்கு ரெண்டுல யாரை அனுப்புவானோ, யாருக்குத் தெரியும்? இப்பவே புதுசு நின்னுட்டா, மூத்தவன்னு நான் இங்க இருப்பேங்கிறது கெட்டிபா. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

அதற்கு மேல் அவரிடம் நான் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

தை பிறந்தது. சொன்னபடியே கூட்டம் போட்டார்கள். காப்பிகூட வரவழைத்தார் அதிகாரி. "மனசுல பட்டதைத் தாராளமா சொல்லுங்கோ. பழசா, புதுசா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

"புதுசே இருக்கட்டும் சார்" என்றார் அண்ணன், மின்விசிறியைப் பார்த்தபடி.

என் முறை வந்தது. மடியில் அந்தச் சம்பளச் சீட்டுகள். "பழசுதான் இல்லையே சார்" என்றேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று எழுந்தார். "அடுத்த வாரம் நீங்க குடோனைப் பாத்துக்கோங்கோ. காத்தாட இருக்கும்."

இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். என் காப்பியை நான் தொட்டிருக்கவில்லை. ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு அடிவரை குடித்தேன். அவர்களுடைய டம்ளர்கள் மேஜைமேல் கிடந்தன. என்னுடையதை மட்டும் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.