கடன் போன பீரியட்

விசில் ஊதுவதற்கும் ஒரு படிப்பா என்று முதலில் சிரித்தவள் நாத்தனார்தான். இரண்டாவது குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், செருப்புக் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு அண்ணி உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேரப்போகிறாள் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இவள் பெயரே விசிலண்ணி என்று ஆகிவிட்டது.

சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவராவது அந்தப் புத்தகங்களைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? எலும்பு, தசை, மூச்சு, முதலுதவி. எந்த வயதுப் பிள்ளையை எவ்வளவு ஓட விடலாம், கால் பிசகினால் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது. அத்தனையும் படித்தாள். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு ஓடப் போனாள். உயரம் தாண்டி விழுந்து முழங்கையில் கட்டோடு வந்த நாளில் மாமியார், "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?" என்றார். அனுசரித்துப் போ என்பதை இவள் விவரம் தெரிந்த நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் தேறியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. பயிற்சிக்காகப் போய்வந்த பள்ளியில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதில் தவறினால் சான்றிதழ் கிடையாது, அடுத்த வருஷம்தான். அதுவரை வீடு பொறுக்காது.

அன்று சீக்கிரமே வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாள். தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் கட்டைகளை எடுத்து வைத்தாள். தேர்வாளர் வந்து மர நிழலில் உட்கார்ந்தார். அவரும் விளையாட்டு வாத்தியார்தான், ஓய்வு பெறப்போகிற வயது. மணி அடித்தது. எல்லாம் தயார், பிள்ளைகளைத்தான் காணோம்.

விசிலண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. பயிற்சிக்கு வந்த முதல் வாரம் கணக்கு சார், "இன்னிக்கு ஒரு நாள் உங்க பீரியடைக் குடுங்கம்மா" என்று நயமாகக் கேட்டார். பெரியவர் கேட்கிறாரே என்று கொடுத்தாள். அப்புறம் அவர் கேட்பதையே விட்டுவிட்டார், எடுத்துக்கொண்டார்.

மாடிக்கு ஓடினாள். கணக்கு சார் கரும்பலகையை விட்டுத் திரும்பவே இல்லை.

"கணக்கு பாதியில நிக்குதும்மா. பி.டி. தானே, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"இன்னிக்கு எனக்குப் பரீட்சை சார். நேத்தே சொன்னேனே!"

"இவங்க கணக்குல ஃபெயிலானா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

பி.டி. தானே! வீட்டிலும் கடையிலும் இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் அவள் வாய்க்கு வந்துவிட்டது.

"உங்க பரீட்சை ஹாலுக்குள்ள நான் வந்து எல்லாரும் ஓடுங்கன்னு சொன்னா சும்மா இருப்பீங்களா சார்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து வகுப்புக்குள்ளேயே ஊதினாள். பெஞ்சுகள் காலியாயின. "படியில ஓடக் கூடாது, நடந்து போங்க!" என்று அந்தக் கோபத்திலும் கத்தினாள்.

பாடம் நன்றாகவே நடந்தது. முதலில் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி, பிறகு கட்டை மாற்றும் விதம், பிறகு ஓட்டம். கூச்சத்தில் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள்கூட ஓடினார்கள். நடுவில் கணக்கு சார் இறங்கி வந்து தேர்வாளரிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனதும் தேர்வாளர் அவளைக் கூப்பிட்டார்.

"பாடம் அருமைம்மா. ஆனா இப்படிச் சண்டைக்கு நிக்கக் கூடாது. கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். என் சர்வீஸ்ல யார் கேட்டாலும் பீரியடைத் தூக்கிக் குடுத்துடுவேன். ஒருத்தர்கிட்ட கெட்ட பேர் வாங்கினதில்ல."

மதிப்பெண் இன்னும் போடவில்லை, பேனா அவர் கையில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தாள். அது அவளுக்கும் தெரியும்.

"நீங்க தூக்கிக் குடுத்ததாலதான் சார், இன்னிக்கு நான் பிடுங்க வேண்டியதாப் போச்சு."

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. மிதிபட்டு அழிந்த சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தார். பிறகு மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸ்" என்றார். "போம்மா. இன்னும் மணி அடிக்கல."

விசிலண்ணி திரும்பி நடந்துபோய், பிள்ளைகளை மறுபடியும் கோட்டில் நிற்கச் சொன்னாள்.